பகலில் வரும் செல்வம், இரவில் எங்கே?

மதுரை வாசிகளுக்குச் சூரிய பகவான் அந்நியர் அல்லர். பங்குனி பிறந்ததுமே அவர் நம்முடைய வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆடிக் காற்று அடித்தாலும் எழுந்து போக மனமில்லாமல் இருப்பார். அழகர் வைகையில் இறங்கும் நாளில் பக்தர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அது பக்தியினால் மட்டும் ஏற்பட்ட வழக்கம் என்று மதுரையை அறிந்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு வெயில்! ஆனால் இந்த வெயிலை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டுகளாக நாம் செய்த காரியம் என்ன? அப்பளம் உலர்த்தினோம், வடகம் பிழிந்தோம், மிளகாய் காய வைத்தோம். காக்கை விரட்டக் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அனுப்பினோம். அத்துடன் சரி.

இப்போது அதே மொட்டை மாடிக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி மத்திய சர்க்கார் ‘பிரதம மந்திரி சூர்ய கர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியப் பலகைகளை ஏற்றுவது. அதற்காக 75,021 கோடி ரூபாய் செலவிடுவது என்பது ஏற்பாடு. ஒரு கிலோவாட் பலகை வைத்தால் 30,000 ரூபாய் மானியம். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000. மூன்று கிலோவாட்டுக்கும், அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும், 78,000 ரூபாய்தான். பணக்காரர் பத்து கிலோவாட் வைத்துக்கொண்டு சர்க்கார் கஜானாவைக் காலி செய்துவிடாதபடி இந்த வரம்பு. நல்ல யோசனை என்றே சொல்லவேண்டும்.

மூன்று கிலோவாட் என்றால் எவ்வளவு? ஏறக்குறைய முந்நூறு சதுர அடி மாடி வேண்டும். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்கு நாலு யூனிட் வரையில் தரும். ஆகவே மூன்றுக்குப் பன்னிரண்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் எழுநூறு யூனிட்டுக்குக் குறையாது. ஒரு நடுத்தரக் குடும்பம் இதைச் செலவழிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்கிற மட்டும் காதுக்கு இனிமையாக இருக்கிறதல்லவா? நமது நண்பர் ஒருவர், பென்ஷன் வாங்கும் பள்ளி ஆசிரியர், எஸ். எஸ். காலனிக்குப் பக்கத்தில் இருப்பவர், காது இனித்ததோடு நிற்காமல் பலகையை மாட்டியேவிட்டார். வீட்டார் முதலில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டும். மீட்டர் மாற்றி, பரிசோதனை முடிந்த பிறகே மானியம் பாங்கிக் கணக்குக்கு வந்து சேரும். அதையெல்லாம் பொறுமையோடு செய்து முடித்தார். சித்திரை மாதத்தில் ஒரு நாள் நடுப்பகல். கரண்ட் போயிற்று. மின்விசிறியும் நின்றது.

அவருடைய சம்சாரம் சமையலறையிலிருந்து வந்து, “ஏங்க, தலைக்கு மேலே இத்தனை வெயில் கொட்டுதே, நம்ம வீட்டு விசிறி ஏன் சுத்தலை?” என்று கேட்டார்.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய மனிதர், இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விசிறி மட்டையைத் தேடிக்கொண்டு போனார்.

அவருக்குத் தெரியாத அந்த விடையை, பலகை வாங்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டித் தெரிந்துகொள்வது அவசியம். மானியத்துக்கு உரிய அமைப்பு, வீதியிலுள்ள மின் கம்பியோடு கைகோத்துக்கொண்டு வேலை செய்வது. பகலில் நம் மாடியில் உண்டாகும் மின்சாரத்தில் நமக்கு வேண்டியது போக, மிச்சம் வீதிக்குப் போய்விடுகிறது. இரவில் வீதியிலிருந்து நாம் வாங்கிக்கொள்கிறோம். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் கணக்கெழுதி வித்தியாசத்துக்கு மட்டும் பில் போடுகிறது. இதற்கு நெட் மீட்டர் என்று பெயர். வீதிக் கம்பியில் மின்சாரம் நின்றுபோனால் மாடியிலுள்ள இயந்திரமும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. ஏன்? கம்பத்தின் மேல் ஏறிப் பழுது பார்க்கிற தொழிலாளி, ‘லைனில் கரண்ட் இல்லை’ என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். அந்தச் சமயத்தில் நம் வீட்டு மாடி அவருக்கு மின்சாரத்தை அனுப்பினால் என்ன ஆகும்? ஆகையால் இந்த விதியைக் குறை கூற இடமில்லை.

அப்படியானால் கரண்ட் போன நேரத்தில் விசிறி சுற்றுவதற்கு வழி? பேட்டரி வேண்டும், அதனோடு சேர்ந்து வேலை செய்யக்கூடிய ‘ஹைபிரிட்’ இன்வெர்ட்டரும் வேண்டும். ‘அதற்கு மானியம் உண்டா?’ என்பது வாசகர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும். கிடையாது. பேட்டரி வைத்துக்கொள்ளலாம், சர்க்காருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மானியம் பலகைக்கு மட்டும். பேட்டரி உங்கள் சொந்தச் செலவு.

மானியம் இல்லாதது மட்டுமா? வரியைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி. எஸ். டி. விகிதங்களைத் திருத்தினார்கள். சூரியப் பலகைக்கு 12 சதவிகிதமாக இருந்த வரி 5 ஆயிற்று. ஈய பேட்டரிக்கு 28 ஆக இருந்தது 18 ஆயிற்று. லிதியம் பேட்டரிக்கு முன்பிருந்தே 18. குறைத்தார்கள் என்பதற்காக நன்றி செலுத்துவோம். ஆனால் பகலில் மின்சாரம் உண்டாக்கும் பலகைக்கு 5-ம், அதை இரவு வரையில் பத்திரப்படுத்தும் பெட்டிக்கு 18-ம் ஏன் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நெல்லுக்குச் சலுகை, குதிருக்கு அபராதமா?

மதுரைக்காரர்களுக்குப் பேட்டரி புதிய வஸ்து அன்று. 2012-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. தென் ஜில்லாக்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். (சென்னையிலே வசிப்பவர்கள் பூர்வ ஜன்மத்தில் ஏதோ அதிகப் புண்ணியம் செய்திருக்கவேண்டும்!) பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு போராடினார்கள். அந்த வருஷத்தில்தான் நம் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டரும், அதற்கு அருகில் சிவப்பு மூடி போட்ட பெரிய பேட்டரியும் குடியேறின. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஒரு பைசா மானியம் கொடுத்தவர் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் சூரிய சக்திக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. மாடியில் ஒரு கிலோவாட் வைப்பவர்களுக்கு, மத்திய சர்க்கார் கொடுத்த 30 சதவிகிதத்தின் மேல், 20,000 ரூபாய் கொடுக்க முன்வந்தது. அதுவும் பலகைக்குத்தான். 2016-இல் நமக்கு அண்டையிலுள்ள கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்து, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகத்திலேயே பெரியது என்று கியாதி பெற்றது. அங்கும் பகலில்தான் மின்சாரம்.

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கென்றால் பயப்படுகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டாமலிருந்தால் ஆயிரக் கணக்கில் மிச்சமாகும்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். முழுவதையும் ஒவ்வோர் இரவும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் காலமாகிவிடும். பாதி எடுப்பதே நல்லது. ஆக 0.9 யூனிட். பழைய 75 வாட் மின்விசிறிகள் இரண்டை ஆறு மணி நேரம் சுற்றவைக்கலாம். இப்போது வந்திருக்கும் 30 வாட் விசிறிகளானால் பதினைந்து மணி நேரம். ஒன்றரை டன் ஏ. சி. முழு வேகத்தில் ஓடினால் முக்கால் மணிக்குள் பெட்டி காலி. இந்தப் பேட்டரியின் விலை 15,000 ரூபாய் என்றும் ஆயுள் நாலு வருஷம் என்றும் வைத்துக்கொள்வோம். தினந்தோறும் உபயோகித்தாலும் நாலு வருஷத்தில் சுமார் 1,300 யூனிட். சேமித்து வைத்த கூலி மட்டும் யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய்க்கு மேல் ஆகிறது. லிதியம் பேட்டரி ஆரம்பத்தில் விலை அதிகம், ஆயுளும் அதிகம். ஒரு லட்ச ரூபாய்க்கு, இரவுக்கு நாலு யூனிட் வீதம் பத்து வருஷம் தருவது கிடைத்ததாக வைத்துக்கொண்டால், 14,600 யூனிட். கூலி ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இதற்கு எதிரே மின் கட்டணத்தை வைத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 400 யூனிட் வரைக்கும் விதித்த விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. அதிலும் ஒரு பங்கைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. 2016 மே மாதத்திலேயே முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியும் இருந்தார்கள். 500-ஐத் தாண்டியவர்களுக்கு 8 ரூபாய் 55 காசு. 1,000-க்கு மேல் 11 ரூபாய் 80 காசு. சிக்கனமாக இருக்கும் குடும்பத்துக்குப் பேட்டரி லாபமில்லை. ஏ. சி. போட்டுக்கொள்கிற வீட்டுக்காவது லாபமா என்றால், நெட் மீட்டர் இருக்கும்வரை அதுவும் இல்லை. வீதிக் கம்பியே அவருக்குப் பேட்டரியாக இருக்கிறது. பகலில் போடுகிறார், இரவில் எடுக்கிறார். பெட்டி வாங்கவேண்டிய அவசியமில்லை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் வேண்டாம்.

ஆகவே பேட்டரி நமக்குப் பணம் சம்பாதித்துத் தராது. கரண்ட் போன நேரத்தில் மானத்தைக் காப்பாற்றும். படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில், அந்த ஒரு மணி நேர விசிறிக்கு விலை மதிப்பே கிடையாது. அதை லாப நஷ்டக் கணக்கில் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை.

இப்படியிருக்க, உலகத்தில் வேறு சில தேசங்கள் பேட்டரிக்கென்றே மானியம் கொடுப்பது எதனால்? ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் பலகை ஏறிவிட்டது. நடுப்பகலில் எல்லோர் வீட்டிலும் மின்சாரம் வழிகிறது, வாங்குவார் இல்லை. மாலையில் எல்லோரும் ஒரேயடியாக விளக்கேற்றி அடுப்பு மூட்டும்போது பற்றாக்குறை. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தச் சர்க்கார் வீட்டுப் பேட்டரிக்கு ஏறக்குறைய 30 சதவிகிதம் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கிற்று. ஒதுக்கிய 230 கோடி டாலர் போதாமல், அவ்வருஷம் டிசம்பரிலேயே 720 கோடி டாலராக உயர்த்துவதாக அறிவிக்கவேண்டி வந்தது. ஜெர்மனியில் 2013 முதல் 2018 வரை இம்மாதிரி உதவி நடந்தது. அமெரிக்காவில் வருமான வரியில் 30 சதவிகிதம் கழித்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். 2025 டிசம்பருடன் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? இராமேசுவரத்துக்கு எதிரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சிங்களத் தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. இலங்கையில் ஆலைகளும் ஆபீஸ்களும் மூடிக் கிடந்தன. வெயிலோ பிரமாதம். கூரைகளிலிருந்து வந்து குவியும் மின்சாரத்தைத் தாங்கமுடியாமல், பிற்பகல் மூன்று மணி வரையில் மாடிப் பலகைகளை நிறுத்தி வையுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாலையில் மின்சாரம் வேண்டும், பகலில் வேண்டாம்! கடவுள் கொடுத்த கடலைக்குப் பல் இல்லாத கதையாக ஆகிவிட்டது.

நம் மாகாணத்துக்கும் அந்த நாள் தூரத்தில் இல்லை. மத்திய சர்க்காரே இதை அறிந்துதான், புதிய சூரிய மின் நிலையங்களுக்கு டெண்டர் கோரும்போது, அவற்றின் திறனில் பத்தில் ஒரு பங்குக்காவது இரண்டு மணி நேரச் சேமிப்பு இருக்கவேண்டுமென்று 2025 பிப்ரவரியில் யோசனை கூறிற்று. பெரிய பேட்டரி நிலையங்களுக்கு 2023-லிருந்து கோடிக் கணக்கில் உதவித் தொகையும் கொடுக்கிறது. கம்பெனிகளின் பேட்டரிக்கு உதவி உண்டு; குடித்தனக்காரரின் பேட்டரிக்கு இல்லை. இதற்கு நியாயம் உண்டா?

ஓரளவு உண்டு என்பதே நமது அபிப்பிராயம். பெரிய நிலையத்தின் பேட்டரி, மாலையில் ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிறது. நம் வீட்டுப் பேட்டரி நமக்கு மட்டும் கொடுக்கிறது. ஊரார் வரிப் பணத்தில் ஒருவர் வீட்டு ஏ. சி. ஓடுவதை ஊரார் ஏன் ஒப்புக்கொள்ளவேண்டும்? ஆனால் வீட்டுப் பேட்டரியும் மாலை ஆறரை மணிக்கு மேல் வீதிக்கு மின்சாரம் அனுப்பச் சம்மதித்தால் கதை வேறு. அப்போது மின்வாரியம் அதிக விலை கொடுத்து வெளியிலிருந்து மாலை மின்சாரம் வாங்குவது குறைகிறது. லாபம் வாரியத்துக்கு, செலவு மட்டும் நமக்கா? முன்னே போட்ட கணக்கில் லட்ச ரூபாய்ப் பெட்டிக்கு ஆஸ்திரேலியாவைப் போல 30 சதவிகிதம் தள்ளிப் பாருங்கள். கூலி ஏழு ரூபாயிலிருந்து 4 ரூபாய் 80 காசுக்கு இறங்கிவிடுகிறது. மானியமாக வேண்டாம், மாலை யூனிட்டுக்குத் தனி விலையாகக் கொடுத்தாலும் சரிதான். பெட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருப்பவருக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கு உதவுகிறவருக்கு உண்டு. இந்த முறையே மேலானதென்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பேசியும் இன்னும் முக்கியமான விஷயத்துக்கு வரவில்லை. மானியத்தோடு பேட்டரி கொடுத்த திட்டம் ஒன்று நம் மாகாணத்திலேயே நடந்திருக்கிறது. பலருக்கு ஞாபகம் இராது. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டம் அது. கிராமத்து ஏழைகளுக்கு வருஷத்துக்கு 60,000 வீடு. வீடு 300 சதுர அடி. வீட்டுக்கு ஐந்து விளக்கு. விளக்குகள் எரிவது கூரையிலுள்ள பலகையாலும், உள்ளே இருக்கும் பேட்டரியாலும். மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் போகிறவர்கள் இந்த வீடுகளைப் பார்க்கலாம். படுக்கும் அறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்று அளந்து வைத்த ஐந்து விளக்குகள். கொடுத்த சர்க்காரை வாழ்த்தத்தான் வேண்டும்.

ஆனால் பலகைக்கு ஆயுள் இருபத்தைந்து வருஷம். ஈய பேட்டரிக்கு ஐந்து வருஷம் போவதே பெரிது. அதுவும் இருபத்தைந்து டிகிரி குளிர்ச்சியில். பத்து டிகிரி சூடு கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது அத்தொழில் அறிந்தவர்கள் வைத்திருக்கும் வாய்பாடு. மதுரை ஜில்லாவின் வெயில் வாய்பாடுகளுக்குத் தாட்சண்யம் காட்டுமா? முதல் பேட்டரி செத்துப்போன பிறகு இரண்டாவது பேட்டரியை யார் வாங்குவது? களை எடுத்துக் கூலி வாங்குகிற பெண்மணி ஒரு மாதக் கூலியைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டுவாளா? கூரையில் பலகை சூரியனைப் பார்த்தபடி கிடக்கும். கீழே விளக்கு எரியாது. எதற்காவது பேட்டரி மானியம் கொடுப்பதானால், ஏ. சி. வீட்டுக்கு முன்னால் இந்த இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கவேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் தங்கள் தொகுதியில் பசுமை வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை வீட்டில் ஐந்து விளக்கும் எரிகின்றன என்று ஒரு கணக்கு எடுக்கட்டும். ஜீப்பில் ஒரு மாலை சுற்றி வந்தால் போதும். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நிபுணர் வேண்டியதில்லை.

வாடகை வீட்டுக்காரர்களின் நிலைமை வேறு விதம். மாடி வீட்டுச் சொந்தக்காரருடையது. துணி உலர்த்தவே அநுமதி கேட்கவேண்டியிருக்கிறது. பல குடும்பங்கள் சேர்ந்து வசிக்கும் அடுக்கு வீடுகளில், பொது விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சங்கம் பலகை வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. அது ஒன்றுதான் இப்போதைக்கு அவர்களுக்கு எட்டக்கூடியது.

கடைசியாக, பலகை வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு தேடி வரும் வியாபாரிகளில் சிலர், “மானியத்தோடு பேட்டரியும் சேர்த்துத் தருகிறோம், சார்” என்று ஒரே விலையாகச் சொல்லுகிறார்கள். பலகைக்கு எவ்வளவு, இன்வெர்ட்டருக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பேட்டரிக்கு எத்தனை வருஷம் பொறுப்பு ஏற்கிறார், அது மாடியில் இருக்குமா, நிழலான அறையில் இருக்குமா, ஈய பேட்டரியானால் அந்த அறைக்குக் காற்றோட்டம் உண்டா என்றும் கேளுங்கள். கரண்ட் போனால் விசிறி சுற்றுமா என்ற கேள்வியை வீட்டு அம்மாளே கேட்டுவிடுவது உத்தமம். எழுதித் தர மறுக்கிற ஆசாமிக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுத்து அனுப்பிவிடலாம். மதுரை வெயிலில் வந்தவர், பாவம்.